ஸ்லாப் எந்த வழியா உடையும்னு முதல்ல வரைங்க: ஈல்டு லைன் கணக்கு போடுற முறை

ஈல்டு லைன்னா, கான்கிரீட் ஸ்லாப் எந்தக் கோடு வழியா உடையும்னு வரைஞ்சு அது எவ்வளவு லோடு தாங்கும்னு பாக்குற முறை. ஆனா இது ஏதோ பார்முலா மனப்பாடம் பண்ற சமாச்சாரம்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. காலேஜ்ல சதுர ஸ்லாப்புக்கு லோடு × ஸ்பான் ஸ்கொயர் ÷ 24ன்னு எழுதி மார்க் வாங்கிட்டு அதோட மறந்துடுறோம். உண்மையில இந்த முறையில கணக்கு ரொம்ப சின்ன வேலை, படம் வரையறதுதான் பெரிய வேலை. படம் சரியா இருந்தா கணக்குல கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா படத்தையே தப்பா விட்டுட்டா எத்தனை டெசிமல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. இதை எண்ணோட காட்டத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பக்கத்துல பேப்பர் பென்சில் வச்சுக்கிட்டு கூடவே போட்டுப் பாருங்க.

முதல்ல என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். கம்பி கம்மியா, அதாவது கான்கிரீட் நொறுங்குறதுக்கு முன்னாடி கம்பி இழுபட்டு ஈல்டு ஆகுற (திரும்ப சுருங்காம நிரந்தரமா நீள ஆரம்பிக்கிற) மாதிரி போட்ட ஸ்லாப் ஒண்ணு இருக்கு, அது மேல லோடு ஏத்திக்கிட்டே போறோம்னு வச்சுக்குங்க. மொமன்ட், அதாவது ஸ்லாப்பை வளைக்கிற திருப்பு விசை, அதிகமா இருக்கிற இடத்துல கம்பி முதல்ல ஈல்டு ஆகும். ஈல்டு ஆன இடம் அதுக்கு மேல மொமன்ட் வாங்காது, ஆனா இருக்கிற மொமன்ட்டை விடவும் விடாது, அப்படியே பிடிச்சுக்கிட்டு திரும்ப மட்டும் செய்யும், துருப்பிடிச்சு இறுகின கீல் மாதிரி. மேல லோடு ஏத்தினா பக்கத்து இடமும் ஈல்டு ஆகும், அப்படியே அது ஒரு கோடா நீண்டுக்கிட்டே போகும். அந்தக் கோடுங்க எல்லாம் ஓரத்தைத் தொட்டு, ஸ்லாப்பை துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டும் தன் சப்போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டு திரும்ப முடியுற நிலைமை வந்துட்டா அவ்வளவுதான், அதுதான் மெக்கானிசம், அதுக்கு மேல லோடு தாங்காது. இந்தக் கோடுங்கதான் ஈல்டு லைன். 1920கள்லயே இங்கர்ஸ்லெவ்ங்கிற இன்ஜினியர் இந்த யோசனையைத் தொட்டிருந்தாரு, ஆனா முழு முறையா ஆக்கினது டென்மார்க்கோட யோஹான்சன், 1943-ல அவரோட டாக்டரேட் ஆய்வா வந்தது.

இப்போ ஆரம்பத்துலயே மனசுல பதிய வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இது அப்பர் பவுண்டு முறை. அப்படின்னா, நீங்க வரைஞ்ச படத்துக்கு கணக்கு எந்த லோடுல விழும்னு சொல்லுதோ, நிஜ ஸ்லாப் அந்த லோடுல விழலாம், இல்ல அதை விடக் கம்மி லோடுலயும் விழலாம், அதிகமா மட்டும் தாங்கும்னு எடுத்துக்கவே கூடாது. டிசைன் பக்கம் திருப்பிச் சொன்னா, உங்க படம் கேக்குற மொமன்ட் எப்பவும் தேவையானதுக்கு சமமாவோ கம்மியாவோதான் இருக்கும். அதனால பல படம் போட்டு, எது அதிக மொமன்ட் கேக்குதோ அதைத்தான் எடுக்கணும். ஸ்லாப்புக்கு எதிரி மாதிரி யோசிக்கணும், இது எந்த வழியா ரொம்ப சுலபமா விழும்னு தேடணும். (இதுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல இருந்து வர்றது ஹில்லர்போர்க்கோட ஸ்டிரிப் முறை, ஸ்வீடன்ல 1956-ல வந்தது. அது லோயர் பவுண்டு, எப்பவும் சேஃப் பக்கம் நிக்கும்.)

சரி, படம் வரையறதுக்கு விதி நாலுதான். ஈல்டு லைன் எல்லாம் நேர்கோடு, ஏன்னா துண்டுங்க தட்டையாவே இருக்கும்னு வச்சுக்கிறோம், ரெண்டு தட்டையான துண்டு சேர்ற இடம் நேர்கோடாத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் திரும்புற அச்சு ஒண்ணு உண்டு, அது சப்போர்ட் ஓரத்து மேலயே படுத்திருக்கும், பில்லர் மேல உக்கார்ந்திருந்தா பில்லர் வழியாப் போகும். அடுத்தடுத்த ரெண்டு துண்டுக்கு நடுவுல இருக்கிற ஈல்டு லைனை நீட்டினா, அந்த ரெண்டு துண்டோட அச்சுங்க சந்திக்கிற புள்ளி வழியாப் போகணும், அச்சு ரெண்டும் பேரலலா இருந்தா லைனும் அதுக்கு பேரலல். கோடு நடுவுல அந்தரத்துல நின்னுடக் கூடாது, ஓரத்துக்குப் போகணும் இல்ல இன்னொரு கோட்டுல சேரணும். மூணாவது விதியை மட்டும் விடாம செக் பண்ணுங்க, புதுசா வரையறவங்க தப்பு பண்றது முக்கால்வாசி அங்கதான்.

இப்போ ஒரு ஸ்லாப் எடுத்துப்போம். 4 மீட்டருக்கு 6 மீட்டர், நாலு பக்கமும் சும்மா உக்கார்ந்திருக்கு, அதாவது சிம்பிளி சப்போர்ட்டட். 160 மிமீ தடிப்பு, செல்ஃப் வெயிட் 4, ஃபினிஷிங் 1, லைவ் லோடு 3, மொத்தம் 8 கிலோநியூட்டன் ஒரு ஸ்கொயர் மீட்டருக்கு. சேஃப்டிக்காக 1.5 ஆல பெருக்கினா 12. அடிக் கம்பி ரெண்டு பக்கமும் ஒரே பலம், அதாவது ஐசோட்ரோபிக்.

படம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஓட்டு வீட்டுக் கூரையைத் தலைகீழாப் போட்ட மாதிரி. நாலு மூலையில இருந்தும் கோடு கிளம்பி, ரெண்டு ரெண்டாச் சேர்ந்து, நடுவுல நீள வாக்குல ஒரு கோடு. குட்டைப் பக்கத்து ரெண்டு துண்டும் முக்கோணம், நீளப் பக்கத்து ரெண்டும் ட்ரப்பீசியம். நடுக்கோட்டு முனை குட்டை ஓரத்துல இருந்து எவ்வளவு தூரம்னு தெரியாது, அதை இப்போதைக்கு ‘தூரம்’னே வச்சுக்குவோம். நடுக்கோடு 1 அளவு கீழ இறங்கினதா எடுத்துக்கிட்டு, லோடு செஞ்ச வேலையும் ஈல்டு லைன் உறிஞ்சின வேலையும் சமம்னு எழுதணும், அவ்வளவுதான் வர்ச்சுவல் வொர்க்.

லோடு செஞ்ச வேலைன்னா லோடு × இறங்கின வடிவத்தோட கனஅளவு. முக்கோணத்துல உச்சி மட்டும் இறங்குது, சராசரி 1/3. செவ்வகத் துண்டுல ஒரு ஓரம் இறங்குது, சராசரி 1/2. முக்கோணம் ரெண்டு, ஒவ்வொண்ணும் பரப்பு 2 × தூரம், ரெண்டும் சேர்ந்து 4 × தூரம் ÷ 3. ட்ரப்பீசியம் ஒவ்வொண்ணையும் நடுவுல ஒரு செவ்வகமாவும் ரெண்டு பக்கம் ரெண்டு முக்கோணமாவும் வெட்டிக்குங்க, ரெண்டு ட்ரப்பீசியத்துக்கும் சேர்த்து 12 − 4 × தூரம் + 4 × தூரம் ÷ 3 வரும். எல்லாம் கூட்டினா 12 − (4 × தூரம் ÷ 3).

ஈல்டு லைன் உறிஞ்சுற வேலைக்கு சாய்வான கோட்டோட நீளம், கோணம்னு திண்டாட வேண்டாம், இதுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு. ஒவ்வொரு துண்டா எடுங்க, அதைச் சுத்தி இருக்கிற கோடுங்களோட நிழல் அதோட அச்சு மேல எவ்வளவு நீளம் விழுதுன்னு பாருங்க, அதை அந்தத் துண்டு திரும்பின கோணத்தால பெருக்குங்க. நீளப் பக்கத்துத் துண்டுக்கு நிழல் 6 மீட்டர், திருப்பம் 1 ÷ 2, ரெண்டு துண்டு, ஆக 6. குட்டைப் பக்கத்துத் துண்டுக்கு நிழல் 4 மீட்டர், திருப்பம் 1 ÷ தூரம், ரெண்டு துண்டு, ஆக 8 ÷ தூரம். மொத்தம் மொமன்ட் × (6 + 8 ÷ தூரம்).

அப்போ மொமன்ட் = லோடு × (12 − 4 × தூரம் ÷ 3) ÷ (6 + 8 ÷ தூரம்). இப்போ தூரத்துக்கு எண் போட்டுப் பாருங்க, கால்குலஸ் எல்லாம் வேண்டாம்.

2 மீட்டர் போட்டா, அதாவது மூலையில இருந்து சரியா 45 டிகிரி, 0.933 × லோடு.
2.2 போட்டா 0.941.
2.4 போட்டா 0.943.
2.5 போட்டா 0.942.
3 போட்டா, அதாவது நடுக்கோடே இல்லாம ரெண்டு மூலைவிட்டமா எடுத்தா, 0.923.

இந்த எண்ணுங்களை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. சரியான இடம் 2.38 மீட்டர், அங்க 0.943. நீங்க கண்ணால பாத்து 45 டிகிரில கோடு போட்டிருந்தாக்கூட 1 சதவீதம்தான் தப்பு. படத்தை நல்லாவே மாத்தி மூலைவிட்டமாப் போட்டாலும் 2 சதவீதம். உச்சிகிட்ட வளைவு ரொம்பத் தட்டையா இருக்கிறதால வர்ற சௌகரியம் இது. அதனால கோடு எந்த இடத்துல இருக்குன்னு மில்லிமீட்டர் கணக்குல தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அந்த நேரத்தை வேற மாதிரி படம் இருக்கான்னு தேடுறதுல செலவழிங்க.

மொமன்ட் 0.943 × 12 = 11.3 கிலோநியூட்டன் மீட்டர், ஒரு மீட்டர் அகலத்துக்கு. இது மேல 10 சதவீதம் கூட்டிக்கிறது டிசைன் பண்றவங்க வழக்கம், அப்பர் பவுண்டுங்கிறதுக்கும் மூலையில நடக்கிற கூத்துக்கும் சேர்த்து. மூலைக் கூத்து என்னன்னா, கோடு நேரா மூலைக்குள்ள போகாம மூலைகிட்ட ரெண்டாப் பிரிஞ்சு ஒய் எழுத்து மாதிரி ஆயிடும், மூலை தூக்கப் பாக்கும், தூக்க விடாமப் பிடிச்சா மேல் பக்கம் குறுக்கா விரிசல் விடும். மேல் கம்பி இல்லாத சதுர ஸ்லாப்புக்கு இதனால 24-ங்கிறது கிட்டத்தட்ட 22 ஆகுது, அதாவது சுமார் 9 சதவீதம். மூலையில மேலயும் அடியில இருக்கிற அளவு கம்பி போட்டா இந்தக் குறைவு காணாமப் போயிடும், அதனால மூலை மெஷ்ஷை தேவையில்லாத செலவுன்னு நினைக்காதீங்க.

10 சதவீதம் கூட்டினா 12.4. கவர் (கம்பிக்கு வெளிய இருக்கிற கான்கிரீட்) 20 மிமீ, 8 மிமீ கம்பி, ரெண்டாவது லேயரோட எஃபெக்டிவ் டெப்த் (ஸ்லாப் மேல்பரப்புல இருந்து கம்பியோட மையம் வரைக்கும்) 128 மிமீ (ரெண்டு பக்கமும் ஒரே பலம்னு சொல்லிட்டதால கம்மியான டெப்த்தைத்தான் எடுக்கணும்). எஃப்இ 500 கம்பிக்கு லீவர் ஆர்ம் (கம்பி இழுக்கிற இடத்துக்கும் கான்கிரீட் அமுங்குற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) டெப்த்துல 0.95 மடங்குன்னு வச்சா 234 ஸ்கொயர் மிமீ தேவை, 8 மிமீ கம்பி 200 மிமீ இடைவெளில போட்டா 251, சரியாப் போச்சு. எம்25 கான்கிரீட்ல நியூட்ரல் ஆக்ஸிஸ் (அமுங்குற பகுதி முடிஞ்சு இழுபடுற பகுதி தொடங்குற கோடு) 12 மிமீ ஆழம்தான் வருது, டெப்த்துல 10-ல ஒரு பங்கு கூட இல்ல. இந்தக் கடைசி எண்ணை ஏன் பாத்தோம்னு பின்னாடி சொல்றேன்.

ஓரம் கன்டின்யூவஸா, அதாவது ஸ்லாப் சப்போர்ட்டைத் தாண்டி அடுத்த பக்கமும் தொடர்ந்து போறதா இருந்தா, சப்போர்ட் மேலயும் ஒரு ஈல்டு லைன் வரும், மேல் பக்கம் விரிசல், மேல் கம்பி ஈல்டு. நாலு ஓரமும் அப்படின்னா கணக்குல மாற்றமே இல்ல, மொமன்ட்டுங்கிற இடத்துல அடி மொமன்ட் + மேல் மொமன்ட்னு (அடிக் கம்பி தாங்குறதும் மேல் கம்பி தாங்குறதும்) போட்டாப் போதும். நம்ம 11.3-ஐ ரெண்டும் பங்கு போட்டுக்கும், சமமாப் பிரிச்சா ஆளுக்கு 5.7. எப்படிப் பிரிக்கிறதுங்கிறது உங்க இஷ்டம், ஆனா எலாஸ்டிக் முறைல வர்ற பங்கை விட்டு ரொம்ப தூரம் போகாதீங்க, போனா சர்வீஸ் லோடுலயே (தினசரி வர்ற லோடுலயே) விரிசல் பெருசாயிடும். யூரோகோட் 2, அதாவது ஐரோப்பாவோட கான்கிரீட் கோடு, சப்போர்ட் மொமன்ட், நடு மொமன்ட் விகிதத்தை 0.5-ல இருந்து 2-க்குள்ள வைக்கச் சொல்லுது.

ஒரு ஓரம் மட்டும் கன்டின்யூவஸ், மத்தது இல்லன்னா நடுக்கோடு ஒரு பக்கமா நகரும், கணக்கு கொஞ்சம் நீளும். அதுக்கு யோஹான்சனே ஒரு சுருக்கு வழி குடுத்திருக்காரு, எனக்கு இது உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி, தினமும் கைல இருக்கு. எதிரெதிர் ஓரம் ரெண்டுக்கும் மேல் மொமன்ட் ÷ அடி மொமன்ட் விகிதத்தை எடுங்க, ஒவ்வொண்ணோடவும் 1 கூட்டி ரூட் எடுங்க, ரெண்டு ரூட்டையும் கூட்டுங்க. அந்த ஓரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்தோட ரெண்டு மடங்கை இதால வகுத்தா குறைச்ச தூரம் வரும். ரெண்டு திசைக்கும் இப்படிக் குறைச்சுக்கிட்டு, மொமன்ட் = லோடு × குறைச்ச அகலம் × குறைச்ச நீளம் ÷ [8 × (1 + அகலம் ÷ நீளம் + நீளம் ÷ அகலம்)]. நம்ம 4க்கு 6 சிம்பிள் ஸ்லாப்புக்கே போட்டுப் பாருங்க, 24 ÷ 25.33 = 0.947 வருது, சரியான விடை 0.943, அரை சதவீதம்தான் வித்தியாசம், அதுவும் சேஃப் பக்கம். ஒரு நீள ஓரம் மட்டும் கன்டின்யூவஸ், மேலயும் அடியிலயும் சம பலம்னா அகலம் 8 ÷ 2.414 = 3.31 ஆகுது, நீளம் 6 அப்படியே, விடை 0.739 × லோடு, நமக்கு 8.9.

நம்ம நாட்டு கான்கிரீட் கோடான ஐஎஸ் 456-ஓட டேபிள் 26 எங்க இருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? நாலு ஓரமும் டிஸ்கன்டின்யூவஸ், சதுரம், கோஎஃபிஷியன்ட் 0.056ன்னு போட்டிருக்கும். 1 ÷ 24 = 0.0417. நடு ஸ்டிரிப்னு சொல்ற முக்கால் அகலத்துல மட்டும் முழுக் கம்பி போட்டு, ஓர ஸ்டிரிப்போட கம்பியைக் கணக்குல சேர்க்கலன்னா, 0.0417 ஐ 4 ÷ 3 ஆல பெருக்கணும், 0.0556. அதேதான்! வருஷக்கணக்கா டேபிள்ல பாத்துப் பாத்துப் போட்ட எண்ணுக்குள்ள ஈல்டு லைன் உக்கார்ந்திருக்குன்னு முதல் தடவை கண்டுபிடிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்னைக்குத்தான் இந்த முறை மேல முழு நம்பிக்கை வந்துச்சு.

இதுவரைக்கும் படம் தெரிஞ்ச ஸ்லாப். இப்போ படம் தப்பினா என்ன ஆகும்னு பாப்போம், இது எனக்கே நடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல மூலையில தொங்குற ஒரு பால்கனி ஸ்லாப் என்கிட்ட வந்தது. சதுரம், 2 மீட்டருக்கு 2 மீட்டர், பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓரம் கட்டடத்தோட பிக்ஸ்டு, மத்த ரெண்டு ஓரமும் சும்மா காத்துல. லோடு 12. நான் வரைஞ்ச படம், உள் மூலையில இருந்து வெளி மூலைக்கு ஒரு மூலைவிட்டம், அடிப் பக்கம் விரியும், ரெண்டு பிக்ஸ்டு ஓரத்துலயும் மேல் பக்கம் விரியும். வெளி மூலை 1 இறங்கினா லோடு செய்யுற வேலை 12 × 4 ÷ 3 = 16. உறிஞ்சுறது 2 × (அடி + மேல்). ஆக அடி மொமன்ட் + மேல் மொமன்ட் = 8. நான் மேலுக்கு 2.67, அடிக்கு 5.33ன்னு பிரிச்சு, மேல் மொமன்ட் அடியோட பாதி, விகிதம் எல்லாம் சரியா இருக்குன்னு ஷீட்டைக் கொண்டுபோய் சீனியர்கிட்ட வச்சேன்.

அவர் ஷீட்டைப் படிக்கவே இல்ல. ஒரு சதுரத் தாளைக் கிழிச்சு, ரெண்டு ஓரத்தையும் மேஜை மேல விரலால அழுத்திக்கிட்டு, வெளி மூலையை மெதுவா கீழ மடிச்சாரு. நான் வரைஞ்ச மூலைவிட்டத்துல மடியல, குறுக்க இன்னொரு மூலைவிட்டத்துல மடிஞ்சுது. “என்னப்பா, இந்த மூலை இப்படி விழாதா?”ன்னு கேட்டாரு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, “விழும் சார்”னு மட்டும் சொன்னேன்.

அந்த ரெண்டாவது மடிப்புக்கு கணக்குப் போடுங்க. பிக்ஸ்டு ஓரங்களோட வெளி முனை ரெண்டையும் சேர்க்கிற கோடு, மேல் பக்கம் விரியும், வெளி முக்கோணம் மட்டும் தொங்கும். பரப்பு 2, சராசரி இறக்கம் 1/3, லோடோட வேலை 12 × 2 ÷ 3 = 8. கோட்டோட நீளம் 2.83, முக்கோணத்தோட உயரம் 1.414, திருப்பம் 1 ÷ 1.414, பெருக்கினா 2. ஆக மேல் மொமன்ட் மட்டுமே 4 வேணும், அடிக் கம்பி எவ்வளவு போட்டாலும் இதுல ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. நான் குடுத்தது 2.67. அதாவது 12 தாங்கணும்னு போட்ட ஸ்லாப் 8-லயே விழும், மூணுல ஒரு பங்கு போச்சு. அங்க 1 சதவீதம் 2 சதவீதம்னு பேசிக்கிட்டிருந்தோம், இங்க 33 சதவீதம். அதுவும் என் மேல் கம்பி அந்தக் குறுக்குக் கோட்டைத் தாண்டி நல்லா உள்ள போயிருந்தாத்தான் இந்த 8-உம், ஓரத்துல இருந்து அரை மீட்டர்லயே நிறுத்தியிருந்தா குறுக்குக் கோட்டோட நடுப்பகுதில மேல் கம்பியே இருக்காது. மேலயும் அடியிலயும் சமமா 4, 4ன்னு குடுத்திருந்தா ரெண்டு படமும் ஒரே விடை சொல்லும், பிரச்சனையே வந்திருக்காது.

அன்னைல இருந்து நான் புது வடிவம் எது வந்தாலும் முதல்ல ஒரு தாளை அந்த வடிவத்துல வெட்டி, சப்போர்ட் இருக்கிற ஓரத்தை அழுத்திப் பிடிச்சு, மடிச்சுப் பாக்குறேன். எத்தனை விதமா மடியுதோ அத்தனை கணக்கு. எல் வடிவ ஸ்லாப்னா உள்நோக்கி இருக்கிற மூலையில இருந்து கண்டிப்பா ஒரு மடிப்பு கிளம்பும். ஓட்டை இருந்தா ஓட்டையோட மூலைங்களைத் தேடிப் போகும். மூணு பக்கம் சப்போர்ட், ஒரு பக்கம் ஃப்ரீன்னா ரெண்டு படம் கண்டிப்பாப் போடணும். ஒண்ணுல கோடு ரெண்டும் உள்ளயே சேர்ந்து ஒரே கோடா ஃப்ரீ ஓரத்துக்குப் போகும், இன்னொண்ணுல ரெண்டும் தனித்தனியா ஃப்ரீ ஓரத்தைத் தொடும். ஃப்ரீ ஓரம் நீளமா, ஆழம் கம்மியா இருந்தா ரெண்டாவதுதான் ஆளும்.

பில்லர் மேல நேரா உக்கார்ற ஃப்ளாட் ஸ்லாப்புக்கும் இதே எச்சரிக்கை. பெரிய படம் சுலபம், ஒரு பே (ரெண்டு பில்லர் வரிசைக்கு நடுவுல இருக்கிற பகுதி) முழுக்க நீளமா மடியுறது, அடி + மேல் = லோடு × ஸ்பான் ஸ்கொயர் ÷ 8. 6 மீட்டர் பே, லோடு 12ன்னா 54. ஆனா ஒவ்வொரு பில்லரைச் சுத்தியும் விசிறி மாதிரி ஒரு உடைப்பு இருக்கு, பில்லர்ல இருந்து நாலா பக்கமும் கதிர் கதிராக் கோடு, சுத்தி ஒரு வட்டம் (குட்டிக் குட்டி நேர்கோடுங்க சேர்ந்து வட்டமானதா நினைச்சுக்குங்க). ஒரே புள்ளில விழுற லோடுன்னா அடி + மேல் = லோடு ÷ (2 × பை). பில்லருக்கு அளவு இருக்கிறதால கொஞ்சம் குறையும், 400 மிமீ சதுர பில்லர், ரியாக்ஷன் (பில்லர் தாங்குற லோடு, 12 × 6 × 6) 432ன்னா, 68.8-ல இருந்து இறங்கி 57.5 வருது. 54-ஐ விட ஜாஸ்தி. பே முழுக்க சராசரியாப் பரப்பின மேல் கம்பி பில்லர்கிட்ட பத்தலன்னு இதுக்கு அர்த்தம், அங்க நெருக்கமாப் போடணும்.

ரெண்டு திசையிலயும் கம்பி வேற வேற பலம்னா பயப்பட வேண்டாம். நீள வாக்குல ஓடுற கம்பி, அகல வாக்குல ஓடுறதோட பாதி பலம்னு வச்சுக்குங்க, விகிதம் 0.5. நீளத்தை ரூட் 0.5 ஆல வகுத்துட்டா, 6 மீட்டர் 8.49 ஆகுது, அப்புறம் அதை ஐசோட்ரோபிக் ஸ்லாப் மாதிரியே பாத்துக்கலாம். நம்ம ஸ்லாப்புக்கு அகல வாக்குல 14, நீள வாக்குல 7 வரும், ரெண்டும் சேர்ந்து 21, ஐசோட்ரோபிக்ல 22.6 ஆச்சு. கம்பி கொஞ்சம் மிச்சம், விரிசலும் அடங்கி இருக்கும், நான் நீள ஸ்லாப்புக்கு எப்பவும் இப்படித்தான் போடுறேன்.

முன்னாடி பாத்த நியூட்ரல் ஆக்ஸிஸ் விஷயத்துக்கு வரேன். இந்த முறை மொத்தமும் ஈல்டு லைன் உடையாம திரும்பிக்கிட்டே இருக்கும்ங்கிற நம்பிக்கைல நிக்குது. கம்பியை ஜாஸ்தியாத் திணிச்சா கான்கிரீட் முதல்ல நொறுங்கும், மத்த இடத்துல கம்பி ஈல்டு ஆகுறதுக்குள்ள ஒரு இடம் கைவிட்டுடும். யூரோகோட் 2 சாதாரண கிரேடுக்கு நியூட்ரல் ஆக்ஸிஸ் எஃபெக்டிவ் டெப்த்துல 0.25-ஐத் தாண்டக் கூடாது, கம்பிக்கு டக்டிலிட்டி (அறுந்துடாம நீளுற தன்மை) பி கிளாஸ் இல்லன்னா சி கிளாஸா இருக்கணும்னு சொல்லுது. நமக்கு 0.1 கூட வரல, நிம்மதி. இழுத்தா சட்டுன்னு அறுந்துடுற மெல்லிசு மெஷ் போட்ட ஸ்லாப்புக்கு இந்த முறையைத் தொடாதீங்க.

இந்தக் கணக்கு சொல்லாத விஷயமும் இருக்கு. ஷியர், முக்கியமா பில்லரைச் சுத்தி பஞ்சிங் ஷியர் (பில்லர் ஸ்லாப்பைத் துளைச்சுக்கிட்டு வர்றது), இதுல வரவே வராது, தனியா செக் பண்ணியே ஆகணும், ஏன்னா பஞ்சிங் எந்த முன்னறிவிப்பும் இல்லாம விழும். டிஃப்ளெக்ஷன், விரிசல் அகலம் ரெண்டும் தனி. பீமுக்கு எவ்வளவு லோடு இறங்குதுன்னும் இது நேரடியாச் சொல்லாது. இன்னொரு பக்கம், நிஜ ஸ்லாப் பெரும்பாலும் இந்தக் கணக்கை விட அதிகமாவே தாங்குது. 1952-ல ஜோஹன்னஸ்பர்க்ல இடிக்கப் போற ஒரு பழைய பல் மருத்துவமனைக் கட்டடத்துல ஆக்கில்ஸ்டன்ங்கிற ஆய்வாளர் லோடு ஏத்தி சோதிச்சப்ப, உள் ஸ்லாப் கணக்கு சொன்னதை விட ரெண்டு மடங்குக்கும் மேல தாங்குச்சு. சுத்தி இருந்த ஸ்லாப்பும் பீமும் நடு ஸ்லாப்பை விரிய விடாம நெருக்கிப் பிடிச்சதால உள்ளுக்குள்ள ஆர்ச் மாதிரி ஒரு அமுக்கம் உண்டாகி அது கூடத் தாங்கிடுச்சு. ஆனா இந்த உபரியை நம்பி கம்பியைக் குறைக்காதீங்க, ஓரத்து ஸ்லாப்புக்கும் என் பால்கனி மாதிரி ஸ்லாப்புக்கும் அப்படிப் பிடிக்க யாரும் இல்ல.

கடைசியா டிராயிங் போடுறப்ப மேல் கம்பியை எங்க நிறுத்துறோம்ங்கிறதைப் பாருங்க. நிறுத்தின இடத்துல மேல் மொமன்ட் பூஜ்யம், ஈல்டு லைன் சப்போர்ட்டை விட்டுட்டு அங்க வந்து உக்காரப் பாக்கும். ஒரு திசையில ஓடுற பிக்ஸ்டு ஸ்பான்ல மேலயும் அடியிலயும் சம பலம்னா, மொமன்ட் குறி மாறுற இடம் சப்போர்ட்ல இருந்து 0.146 × ஸ்பான் தூரத்துல வருது. மேல் மொமன்ட் அடியோட ரெண்டு மடங்குன்னா அது 0.211 ஆயிடும். அதையும் தாண்டி ஆங்கரேஜ் நீளம் (கம்பி கான்கிரீட்டைப் பிடிச்சுக்கத் தேவையான நீளம்) குடுத்துதான் கம்பியை வெட்டணும். பக்கத்து பே-ல மட்டும் லைவ் லோடு நின்னு இந்த பே காலியா இருந்தா இன்னும் உள்ள வரைக்கும் மேல் மொமன்ட் வரும், அந்த நிலைமைக்கும் தனியா ஒரு படம் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் டிராயிங்ல நீளத்தை எழுதுங்க.